ஆலிவ் குலை தள்ளும் ஊர்

ஏழாம் அத்தியாயம்

"எம் பொண்ணு குளிர் தாங்க மாட்டாம்மா. ஏர்கோன் பஸ்ல ஏறினாலே துண்ட எடுத்துப் போத்திக்குவா. மலை உச்சியில எட்டு மாசமா இருக்கா. ஒரு தடவகூட குளிருதுன்னு எழுதல."

மாரியாயி இதை அழாமல் சொன்னாள். மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எதிரில் இருப்பவளே குற்றவாளி என்பதுபோலச் சொன்னாள். காப்பார் பாசாரில் மீன் கழுவி வெட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. மகள் விஷயமாக மூன்று இடத்தில் போய் முறையிட்டிருந்தாள். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "பொண்ணுதான் வாரா வாரம் மெசேஜ் அனுப்புதே, அப்புறம் என்னம்மா?"

"நான் அப்படிச் சொல்லமாட்டேன்க்கா, உக்காருங்க" என்றாள் தஸ்லீமா.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேல் இருந்தது தஸ்லீமாவின் துப்பறியும் அலுவலகம். பன்னிரண்டு வருடம் போலீஸில் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு வெளியே வந்தவள். உதவியாளர் வேலாயுதத்துக்கு அவளைவிடப் பத்து வயது அதிகம். முப்பது வருடம் லோரி ஓட்டியவர். இடுப்பு தேய்ந்ததும் லோரியை விட்டார். வாய் மட்டும் இன்னும் நாலாவது கியரில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். மாரியாயியின் மகள் மலர்விழி, இருபத்தெட்டு வயது, நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். கிள்ளானில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருந்த குரு என்பவன், இத்தாலியில் முதியோர் இல்லத்தில் வேலை என்று அவளை எடுத்தான். முதல் வருடச் சம்பளம் பயணச் செலவுக்கே சரி என்று பேச்சு. செப்டம்பரில் அவனுடைய வேன் வந்து அவளைக் கூட்டிப் போனது. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியில் ஒரு செய்தி வரும். குரல் கிடையாது, முகம் கிடையாது. மலைக்கு லைன் எட்டாதாம்.

மாரியாயி பையிலிருந்து ஒரு பளபளப்பான சிறு புத்தகத்தை எடுத்து வைத்தாள். 'காஸ்தெல்மோரா: உங்கள் மகள் பணிபுரியும் மலையூர்.' குரு கொடுத்தது.

வேலாயுதம் அதைப் பிரித்து உரக்கப் படித்தார். "'காஸ்தெல்மோரா கடல்மட்டத்திலிருந்து எழுநூற்று நாற்பது மீட்டர் உயரத்தில் சுண்ணாம்புக்கல் குன்றின்மீது அமைந்த சிற்றூராட்சி. மக்கள்தொகை தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. மதிலுக்குக் கிழக்கே ஒரு வாயில், மேற்கே ஒரு வாயில். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டைக் கோபுரத்தில் ஏழு சன்னல்கள் உள்ளன.' மேடம், இது ஏஜென்சி புக்கா, இல்ல ஆறாம் வகுப்புப் பாடமா?"

"மெசேஜப் படிங்க."

"'அன்புள்ள அம்மாவுக்கு. நலம். பதினாறாம் நூற்றாண்டில் கொள்ளைநோயால் இவ்வூர் மக்களில் பாதிப்பேர் மாண்டனர்.' அடக் கடவுளே! அம்மா சாப்டியான்னு கேக்கறதுக்குள்ள பாதி ஊரக் கொன்னுட்டா."

மாரியாயி சிரிக்கவில்லை. வேலாயுதம் புத்தகத்தை மெல்ல மூடினார்.

இது நடந்தது திங்கட்கிழமை. தஸ்லீமா அன்றே காஸ்தெல்மோராவின் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். புதன்கிழமை காலையில் பதில் வந்திருந்தது. ஏதோ ஓர் எழுத்தர், முறையாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

'எங்கள் ஊரிலிருந்து இளைஞர்கள் போய்விட்டார்கள். முதலில் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள், பிறகு தொழிற்சாலை நகரங்களுக்கு. பள்ளிக்கூடத்தை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. முதியோர் இல்லத்தையும் ஆறு வருடத்துக்கு முன்பு மூடிவிட்டோம். ஜனவரியில் மூன்று வாரம் பனியில் சாலை அடைபட்டுக் கிடந்தோம். இங்கே புதிதாக ஒரு நாய் வந்தாலும் எனக்குத் தெரியும். மலேசியப் பெண் யாரும் வரவில்லை.'

தஸ்லீமா அதை இரண்டு முறை படித்தாள். கையிலிருந்த பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள்.

"போகவே இல்ல வேலாயுதண்ணே. அந்தப் பொண்ணு இந்த நாட்ட விட்டே போகல."

"அப்ப வாங்க, கிள்ளானுக்குப் போயி குரு சட்டையப் புடிப்போம்."

"புடிச்சா முதல்ல பொண்ணத்தான் மறைப்பான். எங்க வச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் அவன் மேல கை வைக்கணும். உக்காருங்க. அந்த முப்பத்து மூணு மெசேஜும் நம்மகிட்ட இருக்கு."

ஒரு பக்கம் புத்தகம், ஒரு பக்கம் செய்திகள். வரிவரியாக ஒப்பிட்டார்கள். முதல் பத்தொன்பது செய்திகளும் புத்தகத்தின் வரிகளேதான். எண்கள், திசைகள், நூற்றாண்டுகள், எதுவும் பிசகவில்லை. ஜனவரிக் கடைசியில் வந்த இருபதாவது செய்தியைப் படித்ததும் வேலாயுதம் நிமிர்ந்தார்.

"'மலையடிவாரத்தில் ஆலிவ் மரங்கள் குலை தள்ளியுள்ளன.' மேடம், ஆலிவ் குலை தள்ளுமா?"

"புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"'ஆலிவ் காய்கள் கிளைகளில் உதிரியாகக் காய்க்கும். ஆண்டுக்கு ஒரு முறை நவம்பரில் அறுவடை.' ஆனா இங்க பாருங்க, இருபத்திரண்டாவது மெசேஜு. 'இங்கு பதினைந்து நாளைக்கு ஒருமுறை குலை வெட்டி ஏற்றுகிறார்கள்.'" வேலாயுதம் மேசையைத் தட்டினார். "இது ஆலிவ் இல்லலா! செம்பனை, எண்ணெய் எடுக்கற பனை! பதினைஞ்சு நாளைக்கு ஒரு வெட்டு. நானே பத்து வருஷம் அந்தக் குலைய ஏத்தியிருக்கேன்."

தஸ்லீமாவின் விரல் அடுத்த செய்திகளில் வேகமாக ஓடியது. "பிப்ரவரிக் கடைசி. 'ஊர்த் திருவிழாவுக்குப் பல நாள் சிவப்பு விளக்கு ஏற்றினார்கள். பார்க்க வந்த வாகனங்கள் சாலையை அடைத்தன.' புத்தகத்துல திருவிழா ஆகஸ்ட்ல, ஒரே ஒரு நாள்."

"சீனப் பெருநாளுக்குச் சிவப்பு விளக்கு, பக்கத்துல செம்பனை, ரோட்டுல ஜேமு. ஜெஞ்சாரோம் ஊரு! அங்க சீனக் கோயில்ல வருஷாவருஷம் விளக்குத் திருவிழா. அந்த ஜேம்ல நான் மூணு மணி நேரம் நின்னிருக்கேன். லோரியில தக்காளி. வெளிய வரும்போது சாம்பார்."

"ஜெஞ்சாரோம்ல எங்க?"

அதற்கும் ஒரு செய்தி இருந்தது. இருபத்தொன்பதாவது. 'நான் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே கோட்டைக் கோபுரம். அதற்குச் சன்னல்களே இல்லை. உள்ளிருந்து பகல் முழுதும் குருவிச் சத்தம் கேட்கிறது.'

ஏழு சன்னல் உள்ள கோபுரம் எப்படிச் சன்னலே இல்லாததாகும்? தஸ்லீமா யோசித்தாள். வேலாயுதம் யோசிக்கவே இல்லை.

"குருவி வீடு, மேடம். சூப்பு வைக்கற கூட எடுத்து விக்கறதுக்காக சிமெண்ட்டுல உயரமாக் கட்டி, உள்ள ஸ்பீக்கர்ல குருவிச் சத்தம் போட்டு விடுவானுங்க. அதுல சன்னல் வைக்க மாட்டான். இருட்டா இருந்தாத்தான் குருவி வரும்."

"கெட்டிக்காரப் பொண்ணு. அவன் எழுதிக் குடுத்தத அப்படியே அனுப்பற மாதிரி அனுப்பி, நடுவுல தான் இருக்கற எடத்த வச்சிருக்கா." தஸ்லீமா வண்டிச் சாவியை எடுத்தாள். "மூணு மாசமா கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா. ஒருத்தனும் ஒழுங்காப் படிக்கல."

ஜெஞ்சாரோம் போய்ச் சேர மதியம் மூன்றாகிவிட்டது. கடைத்தெருவிலேயே இரண்டு குருவி வீடுகள் இருந்தன. இரண்டைச் சுற்றியும் கடைகள்தான். மூன்றாவதை ஒரு காப்பிக் கடைக்காரர் கைகாட்டினார். செம்பனைக் காட்டுக்குள் போகும் ஒற்றை மண்பாதையின் முடிவில் சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று. அதன் எதிரே தனியாக ஒரு வீடு.

வீட்டின் இரும்புக் கிராதியில் வெளிப்பக்கம் பூட்டு தொங்கியது. உள்ளே வராந்தாவில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"குருண்ணே இல்ல, சாயங்காலம் வருவாரு" என்றாள் நிமிராமலே.

"மலர்விழிதானே? உங்கம்மா அனுப்பினாங்க."

அவள் விரிப்பைக் கீழே போட்டாள். கிராதிக்கு அருகில் வந்தாள். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எங்கம்மாவா? என்னை இங்கயே வச்சிருக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாங்களே, அந்த அம்மாவா? விசா வரலன்னு சொல்லி, சிம் மாத்தணும்னு குரு எம் போன வாங்கிட்டுப் போனான். பாஸ்போர்ட்டும் அவன்கிட்டதான். கதவத் தாண்டினா எங்கம்மா மேல கேஸ் போடுவேன்னான். எட்டு மாசமா ஒரு வார்த்த இல்ல. இப்பத்தான் பொண்ணு ஒருத்தி இருக்கறது ஞாபகம் வந்துச்சா அவங்களுக்கு?"

"அவங்க எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடல. நீ இத்தாலியில இருக்கேன்னு நம்பவச்சிருக்கான். நீ அனுப்பின மெசேஜ வச்சுத்தான் நாங்க இங்க வந்தோம். ஆலிவ் குலை, குருவிச் சத்தம், எல்லாத்தையும் புரிஞ்சுக்கிட்டோம்."

"என்ன மெசேஜ்?"

தஸ்லீமா கைப்பேசியை நீட்டினாள். மலர்விழி கிராதிக்கு இடையே தலையைச் சாய்த்துப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் நெற்றி சுருங்கியது.

"நான் இல்லக்கா. இதுல ஒரு வரிகூட நான் எழுதல."

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து இங்கே வரும்வரை தஸ்லீமாவின் மனதில் ஒரு கெட்டிக்காரப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். அப்படி ஒருத்தி இல்லை. அப்படியானால் இந்த வீட்டையும் எதிரில் இருக்கும் கட்டடத்தையும் பார்த்து எழுதியது யார்?

"வீட்டுல வேற யாரு இருக்கா?"

"குருவோட அப்பா. படுத்த படுக்கை. அவரப் பாத்துக்கத்தான் என்னப் பூட்டி வச்சிருக்கான்."

தஸ்லீமா போலீஸுக்குப் போன் செய்தாள். ஒரு பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், ஆம்புலன்ஸும் வேண்டும் என்று சொல்லி வழியையும் சொன்னாள். பிறகு வேலாயுதத்தைப் பார்த்தாள். அவர் தாங்கள் வந்த வேனிலிருந்து இரும்புக் கம்பியோடு வந்துகொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் டயர் கழட்டினது எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றபடி பூட்டை நெம்பினார். மூன்றாவது நெம்பலில் அது தெறித்து விழுந்தது.

உள்ளறையில் கட்டில் சன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே குருவி வீட்டின் சாம்பல் சுவர். கட்டிலில் கிடந்த கிழவரின் இடப்பக்கம் முழுக்க வாதத்தில் செயலிழந்திருந்தது. வலக்கைக்கு அருகில் ஒரு டேப்லெட்.

"பக்கிரிசாமி" என்று தன் பெயரைச் சொன்னார். கோணிய வாயிலிருந்து வார்த்தைகள் மெதுவாக வந்தன. "முப்பத்தோரு வருஷம் தமிழ்ப்பள்ளியில வாத்தியாரு. குரு எம் பையன்தான். அவனுக்குத் தமிழ் எழுதவும் வராது, படிக்கவும் வராது. புக்கு நான் எழுதினது. மெசேஜும் நான்தான். ஞாயித்துக்கிழம மட்டும் இதுக்கு நெட்டு குடுத்து, பக்கத்துலயே நின்னு, அந்தம்மாவுக்கு எதாவது எழுதுன்னுவான். மத்த நாள்ல பாட்டுக் கேக்கத்தான் ஆகும். தப்பெல்லாம் வேணும்னேதான் விட்டேன். என்னிக்காவது யாராவது புத்தகத்தோட வச்சுப் பாப்பாங்கன்னு."

"சார், நூத்துக்கு நூறு போடலாம் உங்களுக்கு!" என்றார் வேலாயுதம்.

தஸ்லீமா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இருங்கண்ணே. சார், இருபதாவது மெசேஜ்லேர்ந்துதான் தப்பு. முதல் பத்தொன்பது?"

பக்கிரிசாமி சன்னலைப் பார்த்தார்.

"செப்டம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் பத்தொன்பது வாரம். ஒரு புள்ளிகூடப் பிசகல. ஏன்?"

"பையன் தானாத் திருந்துவான்னு..."

"பொய் சொல்லாதீங்க."

கிழவரின் வலக்கை போர்வையைப் பிசைந்தது. "முதுகெல்லாம் புண்ணும்மா எனக்கு. எலும்பு தெரியற அளவுக்கு. ரெண்டு பேரு வேலைக்கு வந்து நாத்தம் தாங்காம ஓடிட்டாங்க. இந்தப் பொண்ணுதான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காத் திருப்பிப் போட்டுச்சு. ஜனவரியிலதான் ஆறுச்சு."

"புண்ணு ஆறுற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தீங்க."

வேலாயுதம், தான் கொடுத்த மார்க்கைத் திரும்ப வாங்க முடியாதவர்போல வாசல் பக்கம் நகர்ந்தார்.

மலர்விழி அவ்வளவு நேரமும் சுவரோரமாக நின்றிருந்தாள். இப்போது வந்து டேப்லெட்டை எடுத்துக்கொண்டாள். அம்மாவின் பதில்களை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். எழுத்துப்பிழையோடு, ஒற்றை ஒற்றை வரிகளாக, நூற்றுக்கணக்கில் இருந்தன. கீழே தள்ளிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மாசாமாசம் வர்ற வயித்து வலி கொறைஞ்சிருக்கான்னு எங்கம்மா கேட்டிருக்காங்க" என்றாள். "நீங்க அதுக்குப் பதில் எழுதியிருக்கீங்க. 'இவ்வூரின் ஆறு வடக்கிலிருந்து தெற்காகப் பாய்கிறது.'"

"அம்மாடி..."

"அப்படிக் கூப்பிடாதீங்க! உங்கள அப்பான்னு கூப்பிட்டேன். எங்கம்மா என்ன மறந்துட்டாங்கன்னு சொல்லி உங்க கட்டில் பக்கத்துலதானே உக்காந்து அழுதேன்? மறக்கல, வாராவாரம் எழுதறாங்கன்னு ஒரு வார்த்த உங்க வாயில வந்துச்சா?"

வெளியே கார் ஹாரன் அடித்தது. நிறுத்தாமல் அடித்தது.

மண்பாதையின் நடுவே வேலாயுதம் அந்த வேனைக் குறுக்காக நிறுத்தியிருந்தார். அதற்கு முன்னால் வெள்ளைக் கார் ஒன்றிலிருந்து இறங்கிய நாற்பது வயதுக்காரன் கத்திக்கொண்டிருந்தான். குரு.

"யாருய்யா நீ? வண்டிய எடு!"

"எடுக்கலாம் பாஸ். ரிவர்ஸ் கியர் போயிடுச்சு" என்றார் வேலாயுதம். "மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கு. அதோ, சைரன் போட்டுக்கிட்டு வராங்க."

குரு திரும்பிப் பார்த்தான். அவன் காருக்குப் பின்னாலேயே போலீஸ் வண்டி வந்து நின்றது, அதன் பின்னால் ஆம்புலன்ஸ். முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, இறங்கி வந்த போலீஸ்காரரிடம் மலாயில் பேசினான். தகராறு ஒன்றும் இல்லை, அந்தப் பெண் இந்த வீட்டில் சொந்த விருப்பத்தில் வேலை பார்க்கிறாள், வாராவாரம் தன் அம்மாவுக்கு அவளே சந்தோஷமாகச் செய்தி அனுப்புகிறாள், வேண்டுமானால் அந்தம்மாவிடமே கேட்டுப் பாருங்கள் என்றான்.

"நல்ல சாட்சி" என்றபடி வீட்டிலிருந்து வந்தாள் தஸ்லீமா. அவளும் மலாயிலேயே சொன்னாள். "எல்லாச் செய்தியிலும் இத்தாலியில் இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறது. சொந்த விருப்பத்தில் ஜெஞ்சாரோமில் வேலை பார்ப்பவள் இத்தாலியில் இருப்பதாக எதற்கு அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும்?"

தஸ்லீமா குரு பக்கம் திரும்பினாள்.

"உனக்குப் படிக்கத் தெரிஞ்சிருந்தா இந்தச் சாட்சியக் கூப்பிட்டிருக்க மாட்ட, குரு" என்றாள் தமிழில். "உங்கப்பா மூணு மாசமா உன்னக் காட்டிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்காரு."

அவன் வீட்டுப் பக்கம் பாய்ந்தான். எதற்குப் பாய்ந்தானோ தெரியாது. கிராதிவரை போவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் பிடித்துவிட்டார்கள். உடைந்த பூட்டு அவன் காலடியில் கிடந்தது. அவன் கார் டேஷ்போர்டில் மலர்விழியின் பாஸ்போர்ட் இருந்தது. ஒரு நாட்டு முத்திரைகூட அதில் விழுந்திருக்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஆட்கள் பக்கிரிசாமியைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். நடந்ததை எல்லாம் எழுதித் தருவதாக அவர் போலீஸ்காரரிடம் இரண்டு முறை சொன்னார். மலர்விழி அவர் முகத்தைப் பார்க்காமல், தூக்கியவனிடம் மட்டும் சொன்னாள்: "மல்லாக்கப் போடாதீங்க. சாய்ச்சுப் படுக்க வைங்க. புண்ணு திரும்ப வந்துடும்." அதையும் கோபமாகத்தான் சொன்னாள்.

தஸ்லீமா தன் கைப்பேசியில் எண்ணைப் போட்டு அவளிடம் கொடுத்தாள். ஒரே மணியில் எடுத்தார்கள். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. மாரியாயியின் குரல் அந்தச் செம்பனைக் காடு முழுக்கக் கேட்டது.

"யாரு? மலரா? எங்கடி இருக்க?"

"ஜெஞ்சாரோம்மா."

"எங்க?"

"ஜெஞ்சாரோம். எட்டு மாசமா இங்கதாம்மா பூட்டி வச்சிருந்தானுங்க."

மாரியாயி கத்தினாள். "போன மாசம் பந்திங்ல கல்யாணம்டி! அந்த ரோட்டு வழியாத்தான்டி பஸ்ல போனேன்! சன்னலோரமா உக்காந்து உனக்கு மெசேஜ் அடிச்சுக்கிட்டே போனேன்டி, பாவி!"

மலர்விழி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டுப் பேசினாள்.

"அழாதம்மா. இப்பவே கெளம்பி வா. பஸ்ஸு வேணாம், யாரையாவது கார்ல கொண்டாந்து விடச் சொல்லு. போலீஸ் ஸ்டேஷன்ல நீயும் எழுதிக் குடுக்கணும். ரெண்டு பேரு மேலயும்."

"ரெண்டு பேரா?" என்றாள் தஸ்லீமா.

ஆம்புலன்ஸின் பின்கதவு இன்னும் மூடப்படவில்லை. உள்ளே ஒருக்களித்துக் கிடந்த கிழவர் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மலர்விழி குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமாக்கா. பூட்டினவன் ஒருத்தன். எழுதினவர் ஒருத்தர்."